எம்ஜிபி மகிழுந்தின் முன்புறச் சுருள்வில் மாற்றம்

எம்ஜிபி என்பது 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரிக்கப்பட்ட விளையாட்டு மகிழுந்து ஆகும். இதன் முன்புறச் சுருள்வில், கீழ்க் கைகளில் போல்ட்டுகளால் இணைக்கப்பட்ட தட்டின் மீது அமுங்கிய நிலையில் நிற்கிறது. சக்கரத்தைக் கழற்றிய பின்னும் இந்த அழுத்தம் நீங்குவதில்லை. திடீரென விடுபடும் வில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கழற்றுதல்

வண்டியின் சட்டம் தாங்கிகளில் நிறுத்தப்பட்டு, தட்டின் அடியில் ஜாக்கி வைக்கப்படுகிறது. எதிரெதிர் மூலைகளில் உள்ள இரு போல்ட்டுகளுக்குப் பதிலாக நீண்ட மரைத்தண்டுகள் செருகப்பட்டு, மற்ற போல்ட்டுகள் நீக்கப்படுகின்றன. ஜாக்கியை இறக்கியபின், தண்டுகளின் நட்டுகள் சிறிது சிறிதாக, மாறி மாறித் தளர்த்தப்படுகின்றன. தட்டு இறங்க, வில் தளர்ந்து வெளிவருகிறது.

பொருத்துதல்

வில்லின் இரு முனைகளும் தத்தம் இடத்தில் அமர்ந்ததை உறுதிசெய்து, இதே படிகள் தலைகீழாகப் பின்பற்றப்படுகின்றன. இரு பக்க விற்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையெனில் வண்டி ஒருபுறம் சாயக்கூடும்.