வானியலாளரும் படைப்பொறியாளர்களும் எழுப்பிய சென்னைக் கட்டடங்கள்

வந்தவாசியில் 1760-இல் பிரெஞ்சுப் படையை முறியடித்து, 1799-இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் கைப்பற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி, அதன்பின் சென்னைக் கோட்டைக்கு வெளியே, தன் வெற்றியைப் பறைசாற்றும் பெருங்கட்டடங்களை எழுப்பத் தொடங்கியது. அவற்றுள் முந்தியது, ஆளுநர் எட்வர்டு கிளைவ் காலத்தில் கட்டப்பெற்று 1802-இல் முடிவுற்ற விருந்து மண்டபம். இன்றைய ராஜாஜி மண்டபம். உயர்ந்த மேடைமீது கிரேக்கக் கோயிலின் சாயலில் இதனை வரைந்த ஜான் கோல்டிங்காம், கம்பெனியின் வானியலாளர். அதன் முகப்பு முக்கோணங்களில் பிளாசிக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் வெற்றிச் சின்னங்கள் அமைந்தன. வந்தவாசிக்கு ஏனோ இடமில்லை.

படைப்பொறியாளர் ஜேம்ஸ் கால்டுவெல் வரைந்த புனித ஜார்ஜ் ஆலயத்தை 1815-இல் கட்டிமுடித்த தாமஸ் டி ஹாவிலண்டும் படைப்பொறியாளரே. செங்கல் வளைவு எவ்வளவு அகலம் தாங்கும் என்பதை மெய்ப்பிக்க, 100 அடிக்கும் மேற்பட்ட அகலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் எழுப்பிய தனி வளைவு இருபதாம் நூற்றாண்டு வரை நின்றது.

அத்துணிவு முழுமையாக வெளிப்பட்ட இடம், 1818-இல் தொடங்கி 1821-இல் திறக்கப்பட்ட, ‘கிர்க்’ என வழங்கும் எழும்பூர் புனித ஆண்ட்ரூ ஆலயம். லண்டன் புனித மார்ட்டின் ஆலயத்துக்கு ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் வரைந்து, செலவு மிகுதியென்று கைவிடப்பட்ட வட்ட வடிவத் திட்டம் 1728-இல் அவருடைய நூலில் அச்சாகியிருந்தது. லண்டன் கட்டாமல் விட்ட அவ்வடிவத்தையே டி ஹாவிலண்ட் சென்னையில் கையாண்டார். வடிவம் அயலது என்றாலும், அதனைத் தாங்கும் அடித்தளம் இந்நாட்டு முறையிலானது. நீர் ஊறும் இளகிய நிலத்தில் சுவரைத் தாங்கக் கிணறுகளை வரிசையாக இறக்கி, அவற்றை நிரப்பி, அவற்றின்மீது கட்டடத்தை எழுப்பினர். வீட்டுக்கு உறைகிணறு இறக்கும் கைப்பழக்கமே இங்கு ஆலயத்துக்கு உதவியது. மரச்சட்டமின்றிச் செங்கல்லாலேயே அமைந்து, சுமார் 51 அடி விட்டமுள்ள கவிமாடத்தை, அதாவது கவிழ்த்த கிண்ணம் போன்ற கூரையை, உள்ளே 16 தூண்கள் ஏந்துகின்றன.

இத்தூண்களைப் பளிங்கென்று எண்ணுவோர் இன்றும் உண்டு. உண்மையில் அவை செங்கல்லின்மீது சுண்ணம் பூசியவை. கிளிஞ்சல் சுண்ணாம்பை மணலும் வெல்லநீரும் சேர்த்து அரைத்து, மேற்பூச்சுக்கு முட்டை வெண்கரு, தயிர், நெய் கலந்து, ஈரம் உலருமுன் மாக்கல் பொடி தூவி வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அம்மெருகு வரும். வரைந்தவர்களின் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. தேய்த்த கொத்தர்களின் பெயர்களை எவரும் எழுதிவைக்கவில்லை.