யானை வரும் சேதி: தகவல் அமைப்பு இயங்கும் விதம்

தரவைத் திரட்டி, சேமித்து, அலசி, தேவைப்படுபவரிடம் உரிய நேரத்தில் சேர்க்கும் ஏற்பாட்டுக்குத் தகவல் அமைப்பு என்று பெயர். மனிதர்கள், கருவிகள், மென்பொருள், தரவு, நடைமுறை ஆகிய ஐந்தும் அதன் உறுப்புகள். ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, ரேஷன் கடை என்று அன்றாடம் புழங்கும் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஐந்து உறுப்புகளும் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்பதைத் தமிழக-கேரள எல்லை மலைகளில் யானை நடமாட்டத்தை அறிவிக்கும் அமைப்புகளில் தெளிவாகக் காணலாம்.

கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக ஆனைகட்டிக்குச் செல்லும் சாலையில் கிடக்கும் யானைச் சாணமும், ஈர மண்ணில் பதிந்த காலடியும், ஒடிந்து தொங்கும் கிளையும் தரவுகள். சாணத்தில் இன்னும் சூடு இருக்கிறதா, காலடி எந்தத் திசையை நோக்குகிறது, கூட்டமா ஒற்றை யானையா என்பவற்றைக் காட்டை அறிந்தவர் சேர்த்துப் பார்த்து, 'கூட்டம் ஒன்று சற்றுமுன் ஓடைப் பக்கம் இறங்கியிருக்கிறது' என்று சொல்லும்போது தரவு தகவலாகிறது. இடம், நேரம், எண்ணிக்கை, திசை ஆகியவை இல்லாமல் 'யானை வருகிறது' என்று மட்டும் சொன்னால் எவராலும் எந்த முடிவும் எடுக்க முடியாது.

தரவைத் தகவலாக்கும் இந்தப் பணியைக் கருவிகளிடம் ஒப்படைத்த அமைப்பு கோவை அருகே மதுக்கரை வனச்சரகத்தில் உள்ளது. எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் இடையே காட்டை ஊடுருவிச் செல்லும் ரயில் பாதையில் பல யானைகள் அடிபட்டு இறந்துள்ளன. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் மாண்டன. அதன்பின் தமிழ்நாடு வனத்துறை அங்கு 12 கோபுரங்களை எழுப்பி, செயற்கை நுண்ணறிவுடன் இயங்கும் கேமராக்களைப் பொருத்தியது. 2024 பிப்ரவரியில் அந்த அமைப்பு முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. உடல் வெப்பத்தை உணரும் கேமரா இருட்டிலும் யானையைக் காண்கிறது, இது உள்ளீடு. கண்டது யானைதானா, தண்டவாளத்துக்கு எவ்வளவு அருகில் நிற்கிறது என்று மென்பொருள் கணிக்கிறது, இது செயலாக்கம். கட்டுப்பாட்டு அறைக்கு எச்சரிக்கை போகிறது, இது வெளியீடு. அங்கிருந்து சேதி ரயில்வே ஊழியர்கள் வழியாக ஓட்டுநரை எட்டி, அவர் வேகத்தைக் குறைத்தால்தான் யானை பிழைக்கும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் ஒரு மனிதரே நிற்கிறார்.

ஆனைமலைத் தொடரிலுள்ள வால்பாறை இதைவிட எளிய கருவிகளால் இதைவிட நுட்பமான பாடத்தைத் தருகிறது. அங்கு சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்பில் தேயிலை, காப்பித் தோட்டங்களும் காட்டுத் துண்டுகளும் கலந்து கிடக்கின்றன. இருட்டிய பிறகு பேருந்திலிருந்து இறங்கித் தோட்டத்து லைன் வீட்டுக்கு நடக்கும் தொழிலாளிக்கு, வழியில் யானை நிற்பது தெரியாமல் போவதே பெரும் ஆபத்து. இதை உணர்ந்த காட்டுயிர் ஆய்வாளர் ஆனந்த குமாரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த அவரது குழுவினரும் வனத்துறையோடும் தோட்ட நிர்வாகங்களோடும் சேர்ந்து ஒரு தகவல் வலையைப் பின்னினர். பகலில் யானைகள் இருக்குமிடம் கண்டறியப்பட்டது. மாலையில் உள்ளூர் கேபிள் டிவியில் அந்தச் சேதி ஓடியது. 2011 முதல் யானைக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவுக்குள் வசிப்பவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போனது. இப்பணிக்காக ஆனந்த குமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது வழங்கப்பட்டது.

இந்த வலையில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இன்னொரு உறுப்பு சிவப்பு விளக்கு. தொலைவிலிருந்தே கண்ணில் படும்படி உயரமான கம்பத்தில் நிறுத்திய அந்த விளக்கோடு சிம் கார்டு போட்ட ஒரு கருவி இணைந்திருக்கும். பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால் விளக்கு மின்னத் தொடங்கும். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும், கையில் போன் இல்லாதவருக்கும், தோட்ட வேலைக்கு வடமாநிலத்திலிருந்து வந்து தமிழ் அறியாதவருக்கும் அதன் பொருள் ஒன்றே: பக்கத்தில் யானை இருக்கிறது. அதைவிடச் சிறப்பு, விளக்கை எரியவைக்கும் உரிமை உள்ளூர்க்காரர்களிடமும் கொடுக்கப்பட்டிருப்பது. தகவலைப் பெறுபவரே தகவலைத் தருபவராகவும் ஆகிறார். யானையைப் பார்த்தவர் அறிவிக்கிறார். அறிவிப்பைப் பார்த்தவர் வேறு வழியில் போகிறார், அல்லது துணைக்கு ஆள் வரும்வரை காத்திருக்கிறார்.

யானை விலகியதும் விளக்கை அணைப்பது எரியவைப்பதற்கு ஈடான கடமை. அணைக்க மறந்த விளக்கை ஊர் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளும். பிறகு நிமிர்ந்தும் பார்க்காது. அப்போது கருவி பழுதில்லாமல் இருந்தாலும் அமைப்பு செத்துப்போகிறது. பழைய தரவும் பொய் எச்சரிக்கையும் நம்பிக்கையை அரித்துவிடும். இறந்தவரின் பெயரை நீக்காத பட்டியலுக்கும் மாறிப்போன எண்ணைத் திருத்தாத பதிவேட்டுக்கும் இதே கதிதான்.

தகவல் அமைப்பு என்றாலே கருவி வாங்குவது என்று எண்ணும் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. கேமராவுக்குத் திறப்பு விழா நடக்கிறது. அதன் கண்ணாடியில் படியும் தூசியைத் துடைக்கும் ஊழியருக்கோ, இரவெல்லாம் திரை முன் விழித்திருப்பவருக்கோ, யானையின் தடம் அறிந்த காவலருக்கோ அந்தக் கவனம் கிடைப்பதில்லை. நடைமுறையும் அப்படியே மறக்கப்படுகிறது. ஆனைகட்டியில் யானை கொடுங்கரை ஆற்றைக் கடந்தால் மாநிலம் மாறிவிடுகிறது. வனத்துறை மாறுகிறது, பதிவேட்டின் மொழியும் மாறுகிறது. கோவை வனக்கோட்டத்துக்குத் தெரிந்தது கேரளத்தின் அட்டப்பாடிக்கும், அங்கே தெரிந்தது இங்கேயும் அன்றிரவே போய்ச் சேர நடைமுறை வேண்டும். இரு பக்கமும் ஒரே வகையான இடக்குறிப்பும் நேரக்குறிப்பும் கையாளப்பட வேண்டும்.

எந்தத் தகவல் அமைப்புக்கும் காவலும் தேவை. யானை நிற்குமிடம் அந்த வழியாக வீடு திரும்பும் பெண்ணுக்குத் தெரிந்தால் உயிர் காக்கும். கைப்பேசியில் படம் பிடிக்கத் திரளும் கூட்டத்துக்கோ வேட்டைக்காரருக்கோ தெரிந்தால் உயிர் குடிக்கும். ஆகவே எவருக்கு, எவ்வளவு, எப்போது தெரிய வேண்டும் என்பதை அமைப்பை வடிவமைக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். உண்மையான தரவு, பராமரிக்கப்படும் கருவி, பயிற்சி பெற்ற ஊழியர், எல்லை தாண்டிச் செல்லும் நடைமுறை, தவறானவர் கைக்குப் போகாத காவல் ஆகியவை ஒன்றுசேரும்போதுதான் தகவல் அமைப்பு தன் வேலையைச் செய்கிறது.