வீட்டிலேயே ஒரு காதல் அட்டை: முதல்ல வரி, அப்புறம் பூ

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கப்பட்டுள்ளது.)

மதுரை விளாங்குடியில இருந்து பேசுறேன். இன்னைக்கு வீட்டுலயே காதல் வாழ்த்து அட்டை எப்படிச் செய்றதுன்னு பார்க்கப் போறோம். காதலர் தினம், பிறந்தநாள், கல்யாண நாள், ஒண்ணுமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, எதுக்கு வேணும்னாலும் கொடுக்கலாம்.

இதுக்கான வீடியோக்கள் பெரும்பாலும் ஜிகினா, ரிப்பன், இதயம் வெட்டுறதுன்னு ஆரம்பிக்கும். ரெண்டு மணி நேரம் அதுலயே போயிரும். உள்பக்கத்துக்கு வரும்போது கை ஓய்ஞ்சு, அவசரமா ஒரு 'ஐ லவ் யூ' எழுதி முடிச்சிருவோம். நாம தலைகீழா போவோம். உள்ளே எழுதுற வரியை முதல்ல முடிவு பண்ணுவோம்.

மாதவி எழுதின ரெண்டு கடிதம்

கையால செஞ்ச காதல் மடலுக்கு நம்மகிட்ட பழைய உதாரணமே இருக்கு. சிலப்பதிகாரத்துல கோவலன் கோபிச்சுக்கிட்டுப் போனதும், மாதவி ஒரு மடல் எழுதுவா. தாழம்பூ இதழ்தான் காகிதம். பித்திகை அரும்புதான் பேனா. செம்பஞ்சுக் குழம்புதான் மை. இதைவிட அழகா ஒரு அட்டை செய்ய முடியுமா? ஆனா கோவலன் அதை வாங்கவே இல்லை.

பின்னாடி அவன் கண்ணகியோட மதுரைக்கு வர்ற வழியில, ரெண்டாவது கடிதம் வருது. இந்தத் தடவை சாதாரண ஓலை. மேல மண் முத்திரை, அதுல அவ கூந்தலோட பதிவு. அந்த முத்திரையில இருந்து வந்த வாசம் சேர்ந்து வாழ்ந்த காலத்தை ஞாபகப்படுத்த, ஓலையைக் கீழே வைக்க அவனுக்கு மனசு வரலை. பிரிச்சுப் படிக்கிறான். அவ மேல தப்பில்லைன்னு புரிஞ்சுக்கிறான். அப்பவும் அவன் திரும்பிப் போகலை, அது வேற கதை. ஆனா படிச்சான்.

அவங்க ரெண்டு பேருக்கு மட்டுமே தெரிஞ்ச ஒண்ணு அந்த ஓலையில இருந்துச்சு. உங்க அட்டையிலயும் அப்படி ஒண்ணு வேணும்.

எந்தத் தமிழ்ல எழுதுறது?

பல பேர் மாட்டிக்கிற இடம் இதுதான். 'நான் உன்னைக் காதலிக்கிறேன்'னு எழுதினா, நாமளே சினிமா வசனம் பேசுற மாதிரி இருக்கும். வீட்டுல யாரும் அப்படிப் பேசுறதில்லையே! அதனாலதான் கை தானா இங்கிலீஷுக்குப் போகுது.

பேசுற மாதிரியே எழுதுங்க. அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்களோ அதே கூப்பாடு: நீ, நீங்க, என்னங்க, டா, டி, செல்லப்பேர், எதுவானாலும். வாய்ல 'நீங்க'ன்னு சொல்லிட்டு அட்டையில 'நீ'ன்னு எழுதினா, வேற யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி தெரியும். 'அங்கிட்டு', 'இங்கிட்டு'ன்னு பேசுறவங்க அதையே எழுதலாம். எழுத்துப்பிழைக்கு இங்க மார்க் குறைக்க ஆள் இல்லை.

அடுத்து, நடந்த ஒரு விஷயம் எழுதுங்க. 'நீ என் உலகம்'னு யாருக்கு வேணும்னாலும் எழுதலாம். 'ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல மழைக்கு ஒதுங்கினப்ப உன் குடையை எனக்குக் கொடுத்துட்டு நீ நனைஞ்சியே'ன்னு ஒருத்தருக்குத்தான் எழுத முடியும். மூணு நாலு வரி போதும். ரஃப் நோட்டுல எழுதி, சத்தமா படிச்சுப் பாருங்க. வாய்ல இடறுற வார்த்தையை மாத்துங்க.

அட்டை

ஸ்டேஷனரி கடையில 240 ஜிஎஸ்எம் அளவுல தடிமனான ஏ4 தாள் கேளுங்க. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் தாளோட எடை, கிராம்ல. ஒரு சதுர மீட்டர்ல 16 ஏ4 அடங்கும். அதனால இந்தத் தாள் ஒண்ணு 15 கிராம். அதைப் பாதியா வெட்டி, ஒரு பாதியை மடிச்சா அட்டை ரெடி. எடை ஏழரை கிராம்தான். ஒரு புத்தகத்துக்குள்ள அடங்குற அளவு.

அப்படியே மடிச்சா தடிமனான தாள் மடிப்புல வெடிக்கும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவையும் ஸ்டீல் ஸ்கேலையும் வச்சு, மடிக்க வேண்டிய இடத்துல அழுத்தி ஒரு கோடு இழுங்க. அந்தப் பள்ளம் வெளிப்பக்கம் வர்ற மாதிரி மடிங்க. மடிப்பு கத்தி மாதிரி நிக்கும்.

அலங்காரத்தை ஒட்டுறதுக்கு முன்னாடியே உள்வரிகளை எழுதிருங்க. பிழையானா தாளை மட்டும் மாத்தினா போதும். ஜெல் பேனான்னா காயுற வரை மூடாதீங்க, எதிர்ப்பக்கத்துல ஒட்டிக்கும்.

பூ

மதுரைன்னா மல்லி வைக்கத் தோணும். ஆனா மல்லி இதழ்ல ஈரம் அதிகம். அழுத்திக் காய வச்சா பழுப்பா போயிரும். காம்பவுண்டு சுவர்ல தொங்குற காகிதப்பூவை எடுத்துக்கங்க. அதுல நாம பூன்னு நினைக்கிற கலர் பகுதி உண்மையில இலைதான். நிஜப் பூ நடுவுல இருக்கிற சின்ன வெள்ளைப் பூ. கலர் இலை மெல்லிசா இருக்கிறதால சீக்கிரம் காயும். நியூஸ்பேப்பர் நடுவுல வச்சு, கனமான புத்தகத்துக்கு அடியில ஒரு வாரம் விட்டுருங்க. ஒட்டும்போது ஃபெவிகால் நிறைய வச்சா அதோட ஈரத்துல தாள் நெளியும். குளூ ஸ்டிக் போதும்.

கவர், அப்புறம் கைக்குப் போறது

சாதா ஏ4 தாளை நெட்டுவாக்குல வச்சு, ரெண்டு ஓரத்தையும் ரெண்டரை செ.மீ. உள்ளே மடிங்க. கீழிருந்து 11 செ.மீ. மேலே மடிச்சு, ஓரங்களை ஒட்டுங்க. மேல மிச்சம் இருக்கிறது மூடி. எல்லாம் சேர்த்து 13 கிராம் வரும். தபால்ல முதல் கட்டணப் படி 20 கிராம் வரைங்கிறதால அதுக்குள்ள அடங்கிடும். ஸ்டாம்ப் குறையாம ஒட்டுங்க. குறைஞ்சா பாக்கியை வாங்குறவங்ககிட்ட கேப்பாங்க.

ஆனா தபால் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: அந்த வீட்டுல கவரை முதல்ல பிரிக்கிறது யாரு? வீட்டுக்குத் தெரியாத காதல்னா, இந்த அட்டையை ஒளிச்சு வைக்கிற பாரம் முழுக்க வாங்குறவங்க தலையிலதான். நம்ம ஊர்ல, அதுவும் பொண்ணுங்களுக்கு, ஒரு அட்டை மாட்டினா காலேஜ் படிப்பே நிக்கலாம். அதனால கையில கொடுங்க. முழுப்பேர் எழுத வேண்டாம். ‘வச்சுக்க முடியலைன்னா என்கிட்டயே கொடுத்துரு, நான் வச்சிருக்கேன்'னு சொல்லிருங்க.

முதல் தடவை மனசைச் சொல்றீங்கன்னா இன்னும் கவனம் வேணும். 'பதில் சொல்லலைன்னா செத்துருவேன்' மாதிரி வரி எழுதினா அது மிரட்டல். வேண்டாம்னு சொல்ல அவங்களுக்கு இடம் விடுங்க. தாழம்பூ மடலே திரும்பி வந்திருக்கு, நம்மளோடதும் வரலாம். வந்தா அதோட விட்டுருங்க.

நல்லபடியா போச்சுன்னா, எழுதின வரியை எங்களுக்குச் சொல்ல வேண்டாம். அது உங்க ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம், வர்றேன்!