சாஸ் புளிக்கிறதே, சர்க்கரை எங்கே?

"தக்காளி சாஸ் புளிப்பாத்தானே இருக்கு மாமா? பாட்டில்ல சர்க்கரைன்னு எதுக்குப் போட்டிருக்கு?"

சபாஷ்! பாட்டிலின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுக் கேட்கிற பிள்ளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வா, சேர்ந்தே கண்டுபிடிப்போம்.

இரண்டு டம்ளரில் ஒரே அளவு தண்ணீர் எடுத்துக்கொள். இரண்டிலும் இரண்டிரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கரை. ஒன்றில் மட்டும் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போடு. இப்போது இரண்டையும் ஒரு வாய் குடித்துப் பார். முதலாவது திகட்டும். எலுமிச்சை பிழிந்தது அவ்வளவாகத் தித்திக்காது. சர்க்கரை குறைந்துவிட்டதா என்ன? இல்லை. அதே இரண்டு ஸ்பூன்தான். புளிப்பு முன்னால் வந்து நின்றதும் நாக்குக்கு இனிப்பு மங்கிவிடுகிறது.

புரிந்ததா? சாஸிலும் இதுதான் நடக்கிறது. ஒரு மேசைக்கரண்டி சாஸில் சுமார் 4 கிராம் சர்க்கரை இருக்கும். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்!

அதற்காக இனிப்பே ஆகாது என்று நான் சொல்லவில்லை. நம் திருப்புல்லாணி ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் பாயசம் பிரசாதம் தருவார்கள். தசரதர் பிள்ளை வரம் வேண்டிப் பாயசம் பெற்ற தலம் இது என்பது தலபுராணம். அந்தப் பாயசத்தை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். அது இனிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் வாங்கி, ருசித்துச் சாப்பிடுகிறோம். எனக்குக் கவலை எல்லாம் இனிப்பு என்றே தெரியாமல் தினமும் உள்ளே போகிற சர்க்கரையைப் பற்றித்தான். சாஸ், பிஸ்கட், பாலில் கலக்கும் மாவு, பாக்கெட் பழச்சாறு, கடை ரொட்டி என்று அது பல இடத்தில் இருக்கிறது.

அதைப் பிடிப்பது எப்படி? பாக்கெட்டில் சேர்மானப் பட்டியல் இருக்கும். உன் பள்ளி இறைவணக்கத்தில் உயரப்படி வரிசையாக நிற்கிறீர்களே, அதுபோல அதற்கும் ஒரு வரிசை உண்டு. எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில். சர்க்கரை முழுவதும் ஒரே பெயரில் நின்றால் முன்னாலேயே தெரிந்துவிடும். அதையே சர்க்கரை, லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் என்று மூன்றாகப் பிரித்துப் போட்டால்? ஒவ்வொன்றும் எடை குறைந்து பின்னால் போய்விடும். மூன்றையும் கூட்டிப் பார்க்கிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை.

சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ் என்று 'ஓஸ்' என முடியும் பெயரைக் கண்டால் கொஞ்சம் நின்று பார். பெரும்பாலும் சர்க்கரை வகைதான். பாலிலேயே இயற்கையாக இருக்கும் லாக்டோஸை மட்டும் விட்டுவிடலாம்.

இன்னொன்றையும் கவனி. '3 பிஸ்கட்டுக்கு இவ்வளவு' என்று போட்டிருப்பார்கள். நீ மூன்றோடு நிறுத்துவாயா? அதனால் 100 கிராமுக்கான கணக்கைப் பார். அங்கே 'சேர்த்த சர்க்கரை' என்று தனி வரியே இருக்கும்.

எவ்வளவு வரை போகலாம்? ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரு 300 மில்லி கோலாவில் மட்டுமே 30 கிராமுக்கு மேல் இருக்கும். ஒரே பாட்டிலில் அன்றைய கணக்கு தாண்டிவிட்டது, பார்த்தாயா? பிள்ளைகள் சாப்பிடும் இனிப்பு அதிகமாகிக்கொண்டே போவதால்தான், 2025 மே மாதத்தில் சி.பி.எஸ்.இ. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சர்க்கரைப் பலகை'யைத் தன் பள்ளிகளில் வைக்கச் சொன்னது.

அதிகமானால் என்ன ஆகும் என்கிறாயா? பல்லையே எடுத்துக்கொள். நம் வாயில் உள்ள கிருமிகளுக்கும் சர்க்கரை பிடிக்கும். அவை அதைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அந்த அமிலம் பல்லை அரிக்கிறது. நாள் முழுக்க இனிப்பைக் கொறித்துக்கொண்டே இருந்தால் பல்லுக்கு ஓய்வே கிடையாது.

"எங்க வீட்ல கருப்பட்டிதான் மாமா, அப்ப ஒண்ணும் பயமில்லையே?" என்று இந்தப் பனங்காட்டுச் சீமையில் யாராவது கேட்காமல் இருப்பீர்களா! கருப்பட்டி நம் மண்ணின் பெருமை. பனையேறிகளின் வியர்வை அது. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். பதநீரைக் காய்ச்சிச் செய்யும் கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, பெரும்பகுதி சுக்ரோஸ்தான். தேனும் கணக்கில் சேரும். அளவாகச் சாப்பிடு. வெயில் நேரத்தில் தாகம் எடுத்தால் நுங்கு இருக்கிறது, நீர்மோர் இருக்கிறது. பழத்தை ஜூஸாக்காமல் கடித்தே தின்றால் நாரும் சேர்ந்து உள்ளே போய், சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும்.

இந்த வாரம் உனக்கு ஒரு வேலை. அடுப்படியில் இருந்து மூன்று பாக்கெட்டை எடு. அம்மாவையோ அப்பத்தாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். 'சேர்த்த சர்க்கரை' எத்தனை கிராம் என்று நோட்டில் எழுதி, 4-ஆல் வகு. எத்தனை டீஸ்பூன் என்று வரும். எந்தப் பாக்கெட்டில் அதிகம் இருந்தது என்று எனக்கு ஒரு கடிதம் போடு, சரியா?