காந்தப்புலம் குறைந்தால் பூமியின் காற்று பறந்துவிடுமா?

“பூமியின் காந்தப்புலம் பலவீனமடைகிறது. வட, தென் காந்தத் துருவங்கள் இடம் மாறப் போகின்றன. அப்போது காற்றெல்லாம் விண்வெளிக்குப் போய்விடும்!” இப்படியொரு தகவல் புலனக் குழுக்களில் அவ்வப்போது வலம் வருகிறது. புலம் பலவீனமடைவது உண்மை. கடந்த 200 ஆண்டுகளில் அது சுமார் 9 விழுக்காடு குறைந்துள்ளது. ஆனால், காற்று போய்விடும் என்பது வீண் அச்சம்.

பூமிக்குள் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்திற்குக் கீழே உருகிய இரும்பு ஓயாமல் சுழன்று கொண்டிருக்கிறது. அதிலிருந்தே காந்தப்புலம் பிறக்கிறது. சூரியனிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து வரும் மின்னூட்டத் துகள்களை, அதாவது சூரியக் காற்றை, அது விலக்கி விடுகிறது.

இந்த அச்சத்திற்கு மூலம் செவ்வாய் கிரகம். சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன் அது தன் காந்தப்புலத்தை இழந்தது. விநாடிக்குச் சுமார் 100 கிராம் வாயு அங்கிருந்து பறிபோவதை நாசாவின் மேவன் விண்கலம் கண்டறிந்தது. இன்று செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால், வெள்ளிக் கிரகத்திற்கும் சொந்தக் காந்தப்புலம் கிடையாது. அங்கோ காற்றழுத்தம் பூமியைவிட 90 மடங்கு! காரணம், வெள்ளி ஏறக்குறைய பூமியளவு பெரியது. அதன் ஈர்ப்பு விசை காற்றை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. செவ்வாயின் நிறையோ பூமியில் பத்தில் ஒரு பங்குதான்.

இன்னொன்று, காந்தப்புலம் ஓட்டையில்லாத குடையன்று. துருவப் பகுதிகளில் காந்தக் கோடுகள் விண்வெளியை நோக்கித் திறந்திருப்பதால், அவ்வழியே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இப்போதும் கசிகின்றன. பூமியின் மொத்தக் கசிவு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டன். நம் காற்றின் எடையோ சுமார் 5,000 லட்சம் கோடி டன். இதே வேகத்தில் அது தீர 5,000 கோடி ஆண்டுகள் ஆகும்!

சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் காந்தப்புலம் இன்றைய அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. அப்போதும் மனிதர்கள் மூச்சுவிட்டு வாழ்ந்தார்கள்.

உண்மையான கவலை செயற்கைக்கோள்களுக்குத்தான். காந்தப்புலம் வலுவிழந்த தென் அட்லாண்டிக் பகுதியைக் கடக்கும்போது ஹப்பிள் தொலைநோக்கி தன் ஆய்வுப் பணியை நிறுத்தி வைக்கிறது. புலம் மேலும் குறைந்தால் பழுதாகக்கூடியவை இத்தகைய கருவிகளே. நாம் சுவாசிக்கும் காற்று எங்கும் போய்விடாது.