திறந்த மென்பொருளும் தொண்டர் பணியும்

ஊர் கூடித் தேர் இழுக்கும் வழக்கம் நாமறிந்ததே. வடம் பிடிக்க வருவோனுக்கு இடமளிப்பார் இல்லையெனின் தேர் நகராது. கணினியுலகிலும் அத்தகைய தேர்கள் உள. தமது செய்நிரலை யாவரும் பார்க்கவும், திருத்தவும், பகிரவும் உரிமையளிக்கும் மென்பொருள்களே அவை. அவற்றைத் திறந்த மூல மென்பொருள் என்பர்.

1991 ஆம் ஆண்டிலே, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையின் கருவை இயற்றி உலகோர்முன் வைத்தார். ஒருவர் தொடங்கியதைப் பல்லாயிரவர் வளர்த்தனர். 2017 முதலாக உலகின் அதிவேகக் கணினிகள் 500 உம் அதனைக்கொண்டே இயங்குகின்றன.

இத்தகைய பணிக்குத் தொண்டர் வருவதும் நிலைப்பதும் எவ்வாறு? முதலாவது, வாயில் எளிதாயிருத்தல் வேண்டும். கைந்நூலிற் பிழை திருத்தல், வழுவொன்றைத் தெளிவுற அறிவித்தல், சொற்களைத் தமிழாக்கல் என்பனவும் தொண்டே. புதியோர்க்கெனச் சிறு வேலைகளை ஒதுக்கிவைத்தல் நன்று. இரண்டாவது, விரைந்த மறுமொழியும் இன்சொல்லும் வேண்டும். முதன்முதல் அனுப்பிய திருத்தத்துக்கு மறுமொழி கிடையாதவன் மீண்டும் வாரான். சுடுசொற் கேட்டவனும் வாரான். கடுமொழிக்குப் பேர்பெற்ற தோர்வால்ட்ஸ் அவர்களே 2018 இல் வெளிப்படையாக வருத்தந் தெரிவித்துச் சிறிதுகாலம் ஒதுங்கியிருந்தார். அவ்வாண்டே லினக்ஸ் குழுவினர் நடத்தை விதிகளை ஏற்றனர். மூன்றாவது, ஒருவரி திருத்தியவன் பெயரும் பதியப்படல் வேண்டும்.

தொண்டர் குறைந்தால் விளைவது யாது? இணையத் தளங்கள் பலவற்றின் மறைகாப்புக்கு உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில் 2014 இல் பெருங்குறையொன்று வெளிப்பட்டது. அதனைப் பயன்படுத்தினோர் எண்ணிலர். பேணினோரோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்.

நம் நாட்டவர்க்கும் இத்தொண்டு புதிதன்று. 2004 ஆம் ஆண்டு மார்கழியில் ஆழிப்பேரலை தாக்கியபோது, இலங்கைக் கணினி வல்லுநர் பலர் ஊதியங் கருதாது சகானா என்னும் திறந்த மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து ஒழுங்குசெய்ய அஃது உதவியது. 2010 இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது.

மாணவர்காள்! நீவிர் பயன்படுத்தும் மென்பொருளிற் காணும் பிழையொன்றையேனும் அறிவித்துத் தொடங்குமின். இத்துறையில் உயர்ந்துள்ள பழைய மாணவர்களே! புதிதாய் வருவோனுக்கு வடத்திலே ஓரிடம் அளியுங்கள். அவன் கேட்கும் முதல் வினாவுக்கு நீங்கள் பொறுமையோடு அளிக்கும் விடையே நாளைய தொண்டன் ஒருவனை ஆக்கும்.