பொறியியற் கல்லூரி வாயிலிலே



சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. இன்றோ தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான பொறியியற் கல்லூரிகள் உள்ளன. ஆண்டுதோறும் பல இடங்கள் நிரம்பாமலே எஞ்சுகின்றன. ஆகவே, இடம் கிடைக்குமா என்பதைவிட, எந்த இடத்தை ஏற்பது என்பதே பெற்றோர் ஆராய வேண்டிய வினாவாகும்.

முதலில் அனுமதி. நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அங்கு நடைபெறுவதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பெறுபேறே அளவுகோல். கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் ஐம்பது ஐம்பது என மொத்தம் 200 புள்ளிகள். கணிதத்தில் 90, பௌதிகத்தில் 80, இரசாயனத்தில் 84 பெற்றவனுக்கு 90, 40, 42 ஆக 172 புள்ளிகள். தரவரிசைக்கும் இட ஒதுக்கீட்டு விதிகளுக்கும் அமைய, அவன் விரும்பிக் குறித்த கல்லூரிகளுள் ஒன்றில் இடம் அளிக்கப்படும். தனியார் கல்லூரிகளில், சிறுபான்மையோர் நடத்துவன நீங்கலாக, நூற்றுக்கு 65 இடங்கள் இவ்வாறு நிரப்பப்படுகின்றன. எஞ்சியவை நிர்வாகத்தின் கையிலுள்ளவை.

இங்கேதான் பல குடும்பங்கள் இடறுகின்றன. தரவரிசை வெளிவருமுன்னரே தரகன் சொல்லை நம்பி, நிர்வாக இடத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். நன்கொடை என்ற பெயரால் மிகைப்பணம் பெறுவதைத் தமிழ்நாட்டின் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பற்றுச்சீட்டின்றிப் பணம் கேட்கப்படின், எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை.

கற்பிப்புக் கட்டணம் மட்டுமே செலவன்று. விடுதி, உணவு, பிரயாணம், பரீட்சை ஆகியவற்றையும் நான்காண்டுகளுக்குச் சேர்த்துக் கணக்கிடுங்கள். கல்விக் கடன் பெற்றால், படிக்குங் காலத்தில் தவணை கட்டவேண்டியதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை.

இனித் தொழில் வாய்ப்பு. விளம்பரத்திற் காணும் மிகவுயர்ந்த வேதனம் ஒரே ஒரு மாணவன் பெற்றதாயிருக்கலாம். மூன்று நிறுவனங்களின் அழைப்பைப் பெற்ற ஒருவனை மூவராக எண்ணுவதும் உண்டு. எனவே இவ்வாறு கேளுங்கள்: ‘என் மகள் சேரவிருக்கும் துறையிலே சென்ற ஆண்டு தேறியவர் எத்தனை பேர்? வேலையிற் சேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்களை வேதன வரிசையில் நிறுத்தினால், நடுவிலே நிற்பவருக்கு எவ்வளவு?’

விடையை எழுத்திலே தரத் தயங்கும் கல்லூரிக்காகக் காணியை ஈடு வைக்காதீர்கள். வீட்டு நகையும் நிலமும் ஒருமுறைதான் கைமாறும்; கேள்வியை எத்தனை முறையும் கேட்கலாம்.